டிக்கோயாவில் அம்மா வீட்டு வாசல் பாதை: உடைத்துப் போடுவதா, மேலே பூசுவதா?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்போதுதான் இதே பிரச்சினையில் இருக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும். டிக்கோயா பக்கம் 7 பேர்ச் காணியில் அம்மாவின் வீடு. தோட்டத்து ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் 30 அடி நீளம், 3 அடி அகலத்தில் கொங்கிரீட் பாதை. போட்டு 4 வருடம்கூட ஆகவில்லை, நடுவில் நீளவாக்கில் வெடித்து, பள்ளத்துப் பக்கம் கீழே இறங்கிவிட்டது. மழை மாதங்களில் பாசி பிடித்து அம்மா இரண்டு தடவை வழுக்கி விழுந்துவிட்டார். "மேலே ஒன்றரை அங்குலம் சாந்து போட்டா சரியாப் போயிரும்" என்கிறார் மேசன் பாஸ். இன்டர்லொக் கல் பதிக்கச் சொல்கிறார் மாமா. நீங்கள் கொழும்பில் வேலை, பொங்கலுக்குத்தான் வர முடியும்.

சாந்து மட்டும் போட வேண்டாம். அது புண்ணுக்கு மேலே பவுடர் பூசுகிற வேலை. ஒன்றரை அங்குலச் சாந்துக்குத் தனியாக நிற்கிற பலம் கிடையாது. கீழே உள்ள பழைய கொங்கிரீட் பலகை அசைந்தால் அதே கோட்டில் அதுவும் வெடிக்கும். பழைய கொங்கிரீட்டில் பாசியும் மண்ணும் ஊறியிருப்பதால் ஒட்டவும் ஒட்டாது. ஒரு மழைக்காலம் போனால் தகடு தகடாக உரிந்து வரும், அதில் அம்மா இன்னும் மோசமாக வழுக்குவார். இறங்கின பாதையை உடைத்து எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும்.

ஆனால் சம்மட்டியைத் தூக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நான் ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை பக்கங்களில் 20 வருடத்துக்கு மேல் இந்தப் பாதை, படி, கான் (தண்ணீர் ஓடுகிற வடிகால்) வேலைகளில் நின்றவன். கையாளாகக் கலவைத் தாச்சி தூக்கித் தொடங்கி, பிறகு வேலையைப் பார்த்துக்கொள்கிற ஆளானேன். இவ்வளவு காலத்தில் நான் பார்த்த உடைந்த பாதைகளில் பெரும்பாலானவற்றில் கொங்கிரீட் ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே இருந்த மண்தான் காணாமல் போயிருந்தது.

வெடிப்பைப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். பாதைக்குக் குறுக்கே, 8 அல்லது 10 அடிக்கு ஒன்றாக, மயிர் போல வெடித்திருந்தால் பயமில்லை. கொங்கிரீட் காயும்போது சுருங்கும், இடையில் கோடு போட்டு விடாததால் தானே ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டது, அவ்வளவுதான். மேற்பரப்பு முழுக்கச் சிலந்தி வலை மாதிரி இருந்தால் மேலே காய்ந்த சீமெந்து தூவித் தேய்த்திருப்பார்கள், அல்லது வெயிலில் காயவிட்டிருப்பார்கள். ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தால் ஓட்டோவோ வேனோ ஏறியிருக்கும். பலகை மேலே தூக்கியிருந்தால் வேரைத் தேடுங்கள். தேயிலைக்குள் நிழலுக்கு வைக்கிற சவுக்கு மரமாக இருக்கலாம், டர்பன்டைன் மரமாகவும் இருக்கலாம்.

உங்களுடையது நீளவாக்கில் வெடித்து ஒரு பக்கம் இறங்கினது. மலைநாட்டு வீட்டுக் காணிகளுக்கென்றே உள்ள நோய் இது. 7 பேர்ச் காணியைச் சரிவில் எப்படித் தட்டையாக்குகிறார்கள்? மேட்டுப் பக்கம் வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி மட்டமாக்குகிறார்கள். உள்பாதி வெட்டின மண், காலங்காலமாக இறுகிக் கிடந்தது. வெளிப்பாதி கொட்டின மண், நேற்று வந்தது. உங்கள் பாதை அந்த இரண்டுக்கும் நடுக்கோட்டில் சவாரி செய்கிறது. உள்பாதி நிற்கிறது, வெளிப்பாதி உட்காருகிறது, நடுவில் பிளக்கிறது. இதில் பாஸைக் குறை சொல்லி என்ன செய்ய, அவர் போட்ட அன்றைக்கு அது மட்டமாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்தது தண்ணீர். மேட்டிலிருந்து வருகிற தண்ணீர் பாதையின் உள் ஓரத்தில் முட்டி, கொங்கிரீட்டுக்கு அடியால் புகுந்து, கொட்டின மண்ணிலுள்ள நைஸ் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிக்கொண்டு பள்ளத்துப் பக்கமாக வெளியேறும். அலவாங்கின் பிடிப்பக்கத்தால் பாதையைத் தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். "டொக்" என்று கெட்டியாகக் கேட்டால் கீழே மண் இருக்கிறது. "டம்" என்று பானை போலக் கேட்டால் கீழே வெற்றிடம். கேட்கிற இடத்தையெல்லாம் சோக்குக் கட்டியால் குறித்துக்கொண்டால், தண்ணீர் போகிற வழி பாதைமேலேயே வரைபடமாக விழுந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பாதை மட்டுமல்லாமல் மேட்டிலும் பிறை வடிவத்தில் நிலம் வெடித்திருந்தால், மரமோ மின்கம்பமோ புதிதாகச் சாய்ந்திருந்தால், இதுவரை தண்ணீர் வராத இடத்தில் கலங்கின ஊற்று வந்தால், அது கொங்கிரீட்டுக்காரனின் வேலை இல்லை. கிராம சேவகரிடம் சொல்லுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்களை வந்து பார்க்கச் செய்யுங்கள், மழை பிடித்துக்கொண்டால் வீட்டை விட்டு இறங்குங்கள். அவசரத்துக்கு இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கொஸ்லந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் வந்த மண்சரிவில் என்ன நடந்தது என்று மலையகத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

உங்கள் தம்பி அனுப்பின படங்களில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆகவே வேலைக்கு வருவோம்.

முதலில் கான். பாதையின் மேட்டுப் பக்கம், பாதை நீளத்துக்கும், 9 அங்குல அகலம், 9 அங்குல ஆழத்தில் ஒரு கான் வெட்ட வேண்டும். அடியைக் கொங்கிரீட் போட்டோ கல் பதித்தோ கெட்டியாக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கானே மண்ணை அரித்துப் பாதைக்கு அடியில் போகும். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, அந்தத் தண்ணீரை மேலிருந்து கீழே இறங்குகிற பெரிய கானில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்களே, அதே கணக்கு. வீட்டுக் கூரைத் தண்ணீர் விழுகிற இடமும் இந்தக் கானோடு சேர வேண்டும். பீலி இல்லாமல் கூரைத் தண்ணீர் நேராகப் பாதை ஓரத்தில் கொட்டுகிற வீடுகள் எத்தனையோ. அங்கே எந்தக் கொங்கிரீட்டும் நிற்காது.

அந்தத் தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். பணிய (கீழே உள்ள) வீட்டுக்காரர் வாசலில் விட்டால் அடுத்த மழையில் சண்டை. ரோட்டு ஓரத்துக் கானில் சேர்க்கலாம். ஆனால் நிறையப் பேர் செய்கிற வேலை, பாதை ரோட்டோடு சேருகிற இடத்தில் அந்த ரோட்டுக் கானையே மண்ணும் கொங்கிரீட்டும் போட்டு மூடிவிடுவது. அப்படிச் செய்யாதீர்கள். 12 அங்குல ஹியூம் குழாய் (கொங்கிரீட் குழாய்) ஒன்றைப் போட்டு அதற்கு மேலே பாதையைக் கொண்டு போங்கள். அல்லது கைக்குத் தூக்கக்கூடிய சிறிய கொங்கிரீட் மூடிகள் போடுங்கள், அடைத்தால் திறந்து துப்பரவு செய்யலாம். ரோட்டுக் கானே உடைந்து கிடந்தால் தோட்ட நிர்வாகத்திடமும் கேளுங்கள், பிரதேச சபைக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். முன்பு தோட்டப் பகுதிக்குச் செலவு செய்யப் பிரதேச சபைகளுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கையை விரிப்பார்கள். 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாக்கு செல்லாது. காசு இல்லை என்று சொல்லலாம், அது வேறு கதை.

பழையதை உடைப்பது கஷ்டமான வேலை இல்லை. கீழே வெற்றிடம் இருப்பதால் சம்மட்டி அடிக்கு இலேசாகவே உடையும். வீட்டுப் படியோடு ஒட்டின பகுதி நன்றாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேருகிற இடத்தைக் கிரைண்டரால் நேர்கோட்டில் வெட்டிவிட்டு உடைக்கச் சொல்லுங்கள். கோணல்மாணலாக உடைத்த விளிம்பில் புதுக் கொங்கிரீட் சேர்த்தால் அந்தக் கோணலெல்லாம் புது வெடிப்பாக மாறும். உடைத்த துண்டுகளை வீசாதீர்கள். கை முட்டி அளவுக்கு உடைத்தால் கான் வெளியேறுகிற இடத்தில் மண் அரிக்காமல் பதிக்கலாம். தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று உடைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு அல்கதீன் குழாயை அலவாங்கால் குத்திவிட்டால் அன்றைக்கு முழு லயத்துக்கும் தண்ணீர் இருக்காது, ஆட்கள் சும்மா விட மாட்டார்கள். புதிதாகப் போடும்போது அந்தக் குழாயை 2 அங்குல பீவீசி குழாய்க்குள் விட்டுப் புதைத்தால், பின்னால் மாற்ற வேண்டியிருந்தாலும் பாதையை உடைக்க வேண்டியதில்லை. கொஞ்சக் காசைப் பார்த்து இதை விட்டுவிட்டுப் பிறகு வருந்தினவர்களை எனக்குத் தெரியும்.

கொங்கிரீட்டை எடுத்த பிறகு வெளிப்பக்கம் புசுபுசுவென்று இருக்கிற மண்ணை, கெட்டி மண் வருகிற வரைக்கும் வெட்டி எடுக்க வேண்டும். அரை அடியோ ஒரு அடியோ போகலாம். அந்தப் பள்ளத்தை மறுபடி அதே மண்ணால் ஒரே தடவையில் நிரப்பக்கூடாது. 4 அங்குலம் போடுங்கள், திமிசுக்கட்டையால் இடியுங்கள், மறுபடி 4 அங்குலம் போடுங்கள், இடியுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக்கூடாது. கையில் பிடித்து உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக்கூடாது. அந்தப் பதம்தான் இடிப்பதற்குச் சரி. வேர், தேயிலைக் கட்டை, கரி, பழைய சாக்கு என்று எதையும் உள்ளே விட்டுப் புதைக்காதீர்கள். உக்கிப்போனால் அந்த இடம் இறங்கும். பள்ளத்து விளிம்பு செங்குத்தாக இருந்தால் முதலில் கல் கட்டு ஒன்று தேவை, அதில் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டைகளும் வேண்டும். ஓட்டை இல்லாத கட்டு தண்ணீரைச் சேர்த்துவைத்து ஒரு நாள் மொத்தமாகச் சாயும்.

இடித்த மண்ணுக்கு மேலே 3 அங்குலம் ஏபீசி (ரோட்டுக்கு அடியில் போடுகிற கல் கலவை) போட்டு இடித்தால் அடித்தளம் முடிந்தது. ஏபீசி இல்லாவிட்டால் மெட்டலும் (உடைத்த கருங்கல்) குவாரித் தூளும் கலந்து போடலாம்.

தடிப்பு 4 அங்குலம். நடக்கிற பாதைக்கு அது போதும். ஓட்டோ ஏறும் என்றால் 5, வேன் வரும் என்றால் 6. பள்ளத்துப் பக்க விளிம்பை மட்டும் 8 அங்குலம் கீழே இறக்கி, பல் மாதிரிப் பிடிக்கவிடுங்கள். அந்தப் பல் இரண்டு வேலை செய்யும். பாதை சரிவில் வழுக்காது, தண்ணீர் அடியால் அரித்தாலும் விளிம்பு உடனே தொங்காது. கம்பி வலை போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நன்றாக இடித்த நிலத்தில் நடைபாதைக்குக் கட்டாயமில்லை. உங்களுடையது பாதி நிரப்பின மண் என்பதால் போடுங்கள் என்பேன். வலை வெடிப்பைத் தடுக்காது, வெடித்த பிறகு இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவைத்திருக்கும். அதற்கு அது கொங்கிரீட்டின் நடுவிலோ கொஞ்சம் மேலேயோ இருக்க வேண்டும். பாஸ்மார் வலையை மண்ணில் விரித்துவிட்டு, கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுவோம் என்பார்கள். தூக்குவார்கள், அதன் மேலேயே மிதித்து நடப்பார்கள், அது மறுபடி மண்ணுக்கே போய்விடும். 2 அங்குலக் கொங்கிரீட் கட்டிகள் செய்து வலைக்குக் கீழே வையுங்கள்.

சட்டரிங் பலகை அடிக்கும்போதே வாட்டம் பார்த்துவிட வேண்டும். ஒரு அடிக்குக் கால் அங்குலம், அதாவது 3 அடி அகலத்துக்கு முக்கால் அங்குலம் ஒரு பக்கம் சாய வேண்டும். எந்தப் பக்கம் என்பதில் பாஸ்மாருக்குள்ளேயே வாக்குவாதம் வரும். உங்களுக்கு மேட்டுப் பக்கம் கான் இருக்கிறது, ஆகவே கானைப் பார்த்து. பள்ளத்துப் பக்கம் சாய்த்தால் மழைத் தண்ணீர் நிரப்பின மண்ணின் விளிம்பிலேயே விழுந்து மறுபடி அரிக்கத் தொடங்கும். கான் இல்லாத வீடுகளில் மட்டும் வெளிப்பக்கம், அதுவும் விளிம்பில் புல் பிடித்திருந்தால்.

இனிக் கலவை. 30 அடி, 3 அடி, 4 அங்குலம் என்றால் 30 கன அடி கொங்கிரீட். சீமெந்து 1, மணல் 1½, மெட்டல் 3 என்ற கணக்கில் 50 கிலோ சீமெந்துப் பை 7, மணல் ஏறக்குறைய 13 கன அடி, முக்கால் அங்குல மெட்டல் 25 கன அடி, அதாவது கால் கியூப். விளிம்புப் பல்லுக்கும் சேதத்துக்கும் சேர்த்து 8 பை, மணலும் மெட்டலும் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். 1:2:4 போட்டால் ஒன்றிரண்டு பை மிச்சமாகும். மழையும் பாசியும் உள்ள இடத்தில், திறந்த வெளியில் கிடக்கப்போகிற பாதைக்கு அந்த மிச்சத்தைப் பார்க்காதீர்கள்.

அளக்கிறது மம்பட்டிக் கணக்கில் இருக்கக்கூடாது. காலையில் ஒரு மம்பட்டி ஒரு அளவு, களைத்துப்போன மத்தியானத்தில் வேறு அளவு. பலகையில் 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் அடியில்லாத பெட்டி ஒன்று அடியுங்கள். அது 1¼ கன அடி, ஒரு பை சீமெந்தின் அளவு. ஒரு பைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, மெட்டல் 3 பெட்டி. மணல் ஈரமாக இருந்தால் உப்பி நிற்கும், ஆகவே பெட்டியைக் கொஞ்சம் கும்பமாக நிரப்புங்கள்.

மணலில்தான் இப்போது ஏமாற்று. கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மணல், அதற்கு மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணித்தியாலம் வையுங்கள். மணலுக்கு மேலே வண்டல் தனிப் படையாகப் படியும். மணலின் உயரத்தில் அந்தப் படை பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். குவாரித் தூளை மணலுக்குப் பதிலாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழுவிச் சலித்தது என்றால் சரி. மா மாதிரி நைஸ் தூள் உள்ளது தண்ணீரை அதிகம் குடிக்கும், மேற்பரப்பும் தூளாக உதிரும்.

தண்ணீர். கொங்கிரீட்டைக் கெடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். ஒரு பைக்கு 25 லீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதிலும் மணலில் ஏற்கனவே இருக்கிற ஈரம் அடக்கம். ஆகவே 18 லீட்டரில் தொடங்கி, தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தாச்சியிலிருந்து கொட்டினால் குவிந்து நின்று மெதுவாகச் சரிய வேண்டும். கஞ்சி மாதிரி ஓடினால், இழுத்துவிடுவதற்கு இலேசு என்று கையாள் கூடுதலாக ஒரு வாளி ஊற்றியிருக்கிறார் என்று அர்த்தம். 25 லீட்டருக்குப் பதிலாக 35 ஊற்றினால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த இடத்திலேயே போய்விடும். இதை ஒரு ஆள் பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் நடக்காது. ஆகவே நீங்கள் வருகிற நாளில் போடுங்கள். கலந்து முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் கிடந்து இறுகினதை மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறிப் போடவும் விடாதீர்கள்.

சீமெந்தைப் பற்றி ஒன்று. மலையகத்துப் பனிமூட்டத்தில் பை தரையில் கிடந்தால் இரண்டே வாரத்தில் கட்டி பிடிக்கும். பலகை மேலே, சுவரில் முட்டாமல் அடுக்கி, பொலித்தீனால் மூடுங்கள். விரலால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால் அந்தப் பை வேண்டாம்.

கொட்டும்போது தாழ்ந்த முனையிலிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள். மேலிருந்து கொட்டினால் ஈரக் கொங்கிரீட் தன் பாரத்தில் கீழே இழுபட்டு, மேலே மெல்லிய வெடிப்பு விழும். கொட்டுவதற்கு முன் அடித்தளத்தை நனைத்துவிடுங்கள், தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது. வீட்டுச் சுவர், பழைய படி ஆகியவற்றைத் தொடுகிற இடத்தில் அரை அங்குல ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) துண்டு ஒன்றை நிறுத்திவிட்டுக் கொட்டுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டால் பாதை அசையும்போது படியும் சேர்ந்து வெடிக்கும். 30 அடியை 8 கட்டங்களாகப் பிரித்து, அதாவது 4 அடிக்குக் கொஞ்சம் குறைவாக, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் 1 அங்குல ஆழத்துக்குக் கோடு போடுங்கள். கொங்கிரீட் எப்படியும் சுருங்கி வெடிக்கப்போகிறது, அந்த வெடிப்பை நாம் சொல்கிற கோட்டுக்குள் ஒளித்துவைக்கிற தந்திரம் இது. மறுநாள் கிரைண்டரால் வெட்டலாம் என்றும் சொல்வார்கள். சரிதான், ஆனால் மறுநாள் கரண்ட் இருக்க வேண்டும், கிரைண்டர்காரர் வர வேண்டும். எனக்கு அன்றைக்கே கோடு போட்டுவிடுவதில்தான் நிம்மதி.

அம்மா வழுக்கி விழுந்ததற்குக் காரணம் பாசி மட்டும் இல்லை. படத்தில் பார்த்தால் மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி தேய்த்திருக்கிறார்கள். நம்முடைய ஆட்களுக்கு மினுமினுப்பு என்றால் நல்ல வேலை என்ற எண்ணம். வீட்டுக்குள் தரைக்கு அது சரி. வெளியில், வருடத்தில் பாதி நாள் ஈரமாக இருக்கிற ஊரில், அது பொறி வைக்கிற மாதிரி. கொட்டி மட்டப்பலகை இழுத்த பிறகு மேலே தண்ணீர் கசிந்து மினுங்கும். அது தானாக வற்றுகிற வரைக்கும் கை வைக்கக்கூடாது, காய்ந்த சீமெந்து தூவி அந்தத் தண்ணீரை உறிஞ்சவும் கூடாது. வற்றி, விரலால் அழுத்தினால் கால் அங்குலம் பதிகிற பதத்தில், மரத்தட்டால் ஒரு தடவை தேய்த்துவிட்டு, ஈர்க்கு விளக்குமாற்றைப் பாதைக்குக் குறுக்கே ஒரே இழுப்பாக இழுங்கள். அந்தக் கீறல்கள்தான் அம்மாவின் காலைப் பிடிக்கும். குளிரான இடத்தில் அந்தப் பதம் வர நேரமாகும், சில நாள் பின்னேரம் ஆகிவிடும், பாஸ் வீட்டுக்குப் போக அவசரப்படுவார். பகல் 11 மணிக்கு முன்னே கொட்டி முடித்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. பாசியைப் பொறுத்தவரை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னும் பிறகும் குளோரின் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, கால் மணித்தியாலம் விட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். செருப்பும் கையுறையும் போட்டுக்கொண்டு.

பாதை 12 அடிக்கு 1 அடி என்பதைவிடச் செங்குத்தாக ஏறினால் சாய்தளமாக விடாமல் படியாக மாற்றுங்கள். உயரம் 6 அங்குலம், மிதி 12 அங்குலம். முக்கியமானது எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. கடைசிப் படி மட்டும் 8 அங்குலமாக வந்துவிட்டால் இருட்டில் எல்லாரும் அங்கேதான் தடுக்குவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றீர்களே, ஒரு பக்கம் ஒன்றரை அங்குல ஜீஐ குழாயில் கைப்பிடி வையுங்கள், அதற்கான குழிகளைக் கொங்கிரீட் போடும்போதே விட்டுவிடுங்கள்.

எப்போது போடுவது? டிக்கோயா, ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை எல்லாம் தென்மேற்குப் பருவமழைப் பக்கம். மே முதல் செப்டெம்பர் வரை தொடாதீர்கள். ஒக்டோபர், நவம்பரில் காலை வெயிலைப் பார்த்து ஏமாறக்கூடாது, பின்னேரம் இடியோடு கொட்டும். நானே ஒரு தடவை தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு அவசரம் என்று ஒக்டோபரில் படி போட்டேன். 3 மணிக்கு வந்த மழையில் சீமெந்தெல்லாம் பாலாக ஓடி, மறுநாள் வெறும் மெட்டல்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. என் கைக்காசில்தான் திரும்பப் போட்டேன். உங்களுக்குப் பொங்கல் முடிந்த கையோடு, ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நல்ல காலம். பதுளை, வெலிமடை, பண்டாரவளைக்காரர்கள் இதை வாசித்தால், உங்களுக்குக் கணக்கு வேறு. டிசம்பர், ஜனவரி உங்களுக்கு மழை, ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை குறைந்த காலம். ஆனால் அந்த மாதங்களில் அடிக்கிற காற்று ஈரக் கொங்கிரீட்டின் முகத்தை ஒரு மணித்தியாலத்தில் காயவைத்து வெடிக்கப் பண்ணும், ஆகவே உடனே மூட வேண்டும்.

ஜனவரி, பெப்ரவரியில் குளிர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நுவரெலியாவில் அந்த மாதங்களில் சில விடியற்காலைகளில் புல்மேலே துகள் உறைபனி விழும். யூடியூபில் அமெரிக்கா, கனடாக்காரர்கள் நடைபாதை போடுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நிலம் உறைந்து தூக்குமா, காற்றுக்குமிழி மருந்து கலக்க வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கே நிலமே அடிக்கணக்கில் உறையும், உப்புக் கொட்டுவார்கள், அவர்களுக்கு அது தேவை. இங்கே நிலம் உறைவதில்லை. இங்கே குளிர் செய்கிற கெடுதல் இறுகுவதைத் தாமதப்படுத்துவது. கொழும்பில் 3 நாளில் வருகிற பலம், இரவில் 10 பாகைக்கு இறங்குகிற இடத்தில் வர ஒரு வாரம்கூட எடுக்கும். முதல் இரண்டு இரவும் பொலித்தீன் போட்டு அதற்கு மேலே சாக்கு விரித்து மூடுங்கள். பகலில் சாக்கை நனைத்து வைத்திருங்கள், 10 நாள். "குளிர்தானே, தண்ணீர் ஊத்தத் தேவையில்ல" என்று பாஸ் சொல்வார். காற்றும் வெயிலும் சேர்ந்தால் குளிரிலும் காயும். 3 நாளைக்கு நாய், கோழி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டோவை ஒரு மாதத்துக்கு ஏற்றாதீர்கள்.

மாமாவின் இன்டர்லொக் யோசனையையும் தள்ளிவிட முடியாது. குழாயோ வயரோ அடிக்கடி தோண்டுகிற மட்டமான முற்றத்துக்கு அதுதான் நல்லது, எடுத்துவிட்டுத் திரும்பப் பதிக்கலாம். சரிவில், மேட்டுத் தண்ணீர் வருகிற இடத்தில், கல்லுக்குக் கீழே உள்ள மணல் முதலில் ஓடிவிடும். இரண்டு பக்கமும் கொங்கிரீட் விளிம்பு கட்டாமல் பதித்தால் ஒரு வருடத்தில் அலை அலையாக நிற்கும். கட்டினால் செலவு கொங்கிரீட்டைத் தாண்டிவிடும்.

கடைசியாக, உங்கள் தம்பி அனுப்பின படங்கள் எல்லாம் வெயில் நாளில் எடுத்தவை, எல்லாம் வெடிப்பைப் பார்த்து எடுத்தவை. எனக்கு வேறு ஒன்று வேண்டும். அடுத்த நல்ல மழையில் அம்மாவைக் குடையோடு வாசலில் நிற்க வைத்து, மேட்டிலிருந்து தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று கையால் காட்டச் சொல்லி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். 30 வருடம் கொழுந்து பறித்த ஆளுக்கு மலையில் தண்ணீர் போகிற வழி என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் கானை எந்த இடத்தில் தொடங்குவது என்று சொல்கிறேன்.